மூச்சுக்குழல் சுமக்கும் பளு
நாள்பட்ட நுரையீரல் நோய்களும் இடைவிடாத சிகிச்சையின் தேவையும்

ஒரு நாட்டின் உற்பத்தித் திறன் அந்நாட்டு மக்களின் உடல் நலத்தைப் பொறுத்தது என்பது வளர்ச்சிப் பொருளாதாரத்தின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. உழைக்கும் வயதினரைப் படிப்படியாக முடக்கும் நோய்களுள் நாள்பட்ட நுரையீரல் நோய்கள் முன்வரிசையில் நிற்கின்றன. இந்தியாவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் 1990இல் 2.81 கோடிப் பேர் என்றும், 2016இல் 5.53 கோடிப் பேர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளனர். ஆஸ்துமா உள்ளோரின் எண்ணிக்கை 2016இல் 3.79 கோடி. அவ்வாண்டில் உலக மக்கள் தொகையில் இந்தியாவின் பங்கு 18 சதவீதம். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழந்த நலவாழ்வு ஆண்டுகளில் இந்தியாவின் பங்கோ 32 சதவீதம்.

இந்நோய்களுக்குச் சிகிச்சை பெறும் முறையில் ஒரு பொதுவான போக்கைக் காணலாம். இழுப்பு வந்த நாளில் மருத்துவமனைக்குச் செல்வதும், ஊசியோ மாத்திரையோ பெற்று மூச்சு சீரானதும் மருந்தை நிறுத்திவிடுவதும் பெரும்பாலோரின் வழக்கம். மூச்சுக்குழல் சுருங்கியது, மருந்தால் விரிந்தது, பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. இந்த நம்பிக்கை சரியானதன்று என்பதை அண்மைக் கால ஆய்வுகள் உணர்த்துகின்றன. மூச்சுக்குழல் சுருங்கும்போது அதன் சுவரின் மீது விழும் அழுத்தமே ஒரு காயமாகிறது. அக்காயம் ஆறும் வழியில் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் அடுத்த சுருக்கத்தை மேலும் கடுமையாக்குகிறது. இந்தச் சுழற்சியைப் புரிந்துகொள்வது மருத்துவ மாணவருக்கு மட்டுமன்றி, மருந்துக் கொள்முதலையும் சுகாதார நிலையங்களையும் நிர்வகிக்கும் அலுவலருக்கும் இன்றியமையாததாகும்.

காற்றின் பாதையும் அதன் மீதுள்ள விசைகளும்

தொண்டையிலிருந்து இறங்கும் பெருங்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகி, ஏறத்தாழ 23 படிகளில் நுண்ணிய காற்றறைகளைச் சென்றடைகிறது. இரு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறக்குறைய 48 கோடிக் காற்றறைகள் உள்ளன. ஒரு நாளில் மனிதன் சுமார் 20,000 முறை மூச்சு விடுகிறான். ஒவ்வொரு மூச்சிலும் இக்குழல்களும் அறைகளும் இழுபட்டு விரிந்து, பின் தளர்கின்றன. ஓய்வறியாது இயங்கும் இத்தகைய பொறியில் விசைகளின் சமநிலை மிக முக்கியமானது.

மூச்சுக்குழலின் சுவரைச் சுற்றி அமைந்துள்ள தசை குழலை உள்நோக்கிச் சுருக்க முயல்கிறது. குழலைச் சூழ்ந்துள்ள நுரையீரல் திசு, நாற்புறமும் கயிறுகளால் இழுத்துக் கட்டிய கூடாரத்தைப் போல, அதனை வெளிநோக்கி இழுத்துப் பிடிக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இப்பிடிப்பு வலுப்பெற்றுக் குழல் அகலுகிறது. வெளிவிடும்போது பிடிப்பு தளர்ந்து குழல் சற்றே ஒடுங்குகிறது. இழுப்பு நோயாளிக்கு மூச்சை வெளிவிடுவதே பெருந்துன்பமாக இருப்பதன் காரணம் இதுவே.

குழலின் அகலத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரும் விளைவைத் தரும். காற்று சீராக ஓடும் குழலில் ஆரம் பாதியாகக் குறைந்தால், தடை இரு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. சுவர் சிறிது தடிப்பதும், சிறிது சளி தேங்குவதும் நோயாளியைத் திணறச் செய்வது இதனாலேயே. அதே வேளையில், 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழல்கள் எண்ணிக்கையில் மிகப் பல. ஆகவே நலமுள்ள நுரையீரலின் மொத்தத் தடையில் அவற்றின் பங்கு சிறியது. அவற்றுள் பல அழிந்த பின்னரே மூச்சிரைப்பு வெளிப்படுகிறது. நோயாளி மருத்துவரை நாடும் நாளுக்கு நெடுநாள் முன்பே நோய் வேரூன்றி விடுகிறது.

சுருக்கமே காயமாகும் விதம்

சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் அதன் வாய் மடிப்பு மடிப்பாக ஒடுங்குவதைப் போல, தசை சுருங்கும்போது மூச்சுக்குழலின் உட்புறச் சவ்வும் மடிந்து நெருங்குகிறது. மடிப்புகளின் இடுக்கில் உள்ள உயிரணுக்கள் ஒன்றையொன்று நசுக்குகின்றன. நசுங்கிய உயிரணுக்கள் வாளாவிருப்பதில்லை. திசுவைத் தடிக்கச் செய்யும் வேதிச் சைகைகளை வெளியிடுகின்றன என்பது ஆய்வகச் சோதனைகளில் முன்னரே அறியப்பட்டிருந்தது.

எனினும் ஒரு வினா எஞ்சியிருந்தது. ஆஸ்துமாவில் சுவர் தடிப்பதற்கு ஒவ்வாமையால் எழும் அழற்சியே காரணம் என்பது நெடுங்காலமாக நிலவிய கருத்து. அழற்சியும் சுருக்கமும் சேர்ந்தே நிகழ்வதால், எதன் விளைவு எது என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. ஆஸ்துமா உள்ள 48 தன்னார்வலர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வீட்டுத் தூசியில் வாழும் நுண்சிலந்தியின் ஒவ்வாமைப் பொருளை முகர்ந்தனர். இரண்டாம் குழுவினர் தசையைச் சுருக்கும், ஆனால் ஒவ்வாமை அழற்சியை எழுப்பாத மெத்தகோலின் என்னும் மருந்தை முகர்ந்தனர். மூன்றாம் குழுவினருக்கு உப்பு நீராவி தரப்பட்டது. நான்காம் குழுவினருக்கு, குழலை விரிக்கும் சால்பியூட்டமால் முதலில் தரப்பட்டு, அதன் பின்னரே மெத்தகோலின் தரப்பட்டது. இரு நாள் இடைவெளிகளில் மும்முறை இவ்வாறு செய்து, முன்னும் பின்னும் மூச்சுக்குழல் சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்து ஒப்பிடப்பட்டது.

விளைவு தெளிவாக இருந்தது. அழற்சி அணுக்கள் ஒவ்வாமைக் குழுவில் மட்டுமே பெருகியிருந்தன. ஆனால் சவ்வின் அடியில் உள்ள நார்ப்படலம் ஒவ்வாமைக் குழுவில் தடித்தது போலவே, அழற்சி பெருகாத மெத்தகோலின் குழுவிலும் ஏறத்தாழ அதே அளவில் தடித்திருந்தது. சுருக்கம் முன்கூட்டியே தடுக்கப்பட்ட நான்காம் குழுவில் இத்தடிப்பு ஏற்படவில்லை. அதாவது, அழற்சியின் துணையின்றியே, வெறும் சுருக்கத்தின் விசையால் மட்டுமே, சில நாட்களில் சுவரின் அமைப்பு மாறக்கூடும்.

இவ்வாய்வின் எல்லையையும் மனத்திற் கொள்ள வேண்டும். அது 48 பேரிடம் சில நாட்கள் மட்டும் நடைபெற்றது. பல்லாண்டுகளில் சுவர் எவ்வாறு மாறும் என்பதை அது அளக்கவில்லை. அழற்சியின் பங்கையும் அது மறுக்கவில்லை. அழற்சி ஒன்றே காரணம் என்னும் எண்ணத்தைத் திருத்தி, விசையையும் காரணங்களின் வரிசையில் சேர்த்ததே அதன் பயன்.

உயிரணு விசையை உணர்வது எங்ஙனம்?

உயிரணு தன் மீது விழும் அழுத்தத்தை எவ்வாறு அறிகிறது? அதன் மேலுறையில் உள்ள சில புரதங்கள், உறை இழுபடும்போது திறந்து மின்னேற்றத் துகள்களை உள்ளே விடும் வாயில்களாகப் பணிபுரிகின்றன. இவ்வகையைச் சேர்ந்த பியசோ என்னும் புரதங்கள் 2010இல் கண்டறியப்பட்டன. அவற்றைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியசுடன் பகிர்ந்துகொண்டார். நுரையீரலிலும் இத்தகைய வாயில்கள் உள்ளன.

உடலின் உட்சவ்வுகளில் உயிரணுக்கள் அளவு மீறி நெருங்கும்போது, சில அணுக்கள் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. இயல்பான அளவில் இது சவ்வைப் புதுப்பிக்கும் செயலேயாகும். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஜோடி ரோசன்பிளாட் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, ஆஸ்துமாச் சுருக்கத்தின்போது இத்தள்ளுதல் எல்லை மீறுவதைக் காட்டியது. எலிகளிலும் மனித மூச்சுக்குழல் திசுவிலும் சுருக்கத்தைத் தூண்டியபோது உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக உதிர்ந்தன. சவ்வின் காப்பு சிதைந்தது. அழற்சியும் சளியும் பெருகின. சுருக்கம் ஏற்பட்ட பின் சால்பியூட்டமால் குழலை விரித்ததே தவிர, உயிரணுக்கள் உதிர்வதைத் தடுக்கவில்லை. விசையுணரும் வாயில்களை அடைக்கும் கடோலினியம் என்னும் பொருள் எலிகளில் அவ்வுதிர்வைத் தடுத்தது. ஆயினும் அது மனிதருக்கு மருந்தாகத் தரத்தக்கதன்று. அதன் செயலைச் செய்யும் தீங்கற்ற மருந்தைக் காண்பது எதிர்காலப் பணியாகும்.

நிர்வாக நோக்கில் இவ்விரு ஆய்வுகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. சுருக்கம் வந்தபின் அதை விரிப்பது உயிர் காக்கும் உதவி. ஆனால் அது பழுதைத் துடைப்பதில்லை. சுருக்கம் வராமல் காப்பதே உண்மையான சிகிச்சை.

பிடிமானம் தளர்ந்த நுரையீரல்

ஆஸ்துமாவில் குழல் அளவு மீறிச் சுருங்குகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலோ, குழலை வெளியிலிருந்து பிடித்திருக்கும் கயிறுகளே அறுபடுகின்றன. புகையும் தூசியும் நெடுநாள் உட்செல்வதால் நுண்குழல்கள் அழிகின்றன. காற்றறைகளின் சுவரில் உள்ள மீள்நார்கள் சிதைகின்றன. மீன்வலையில் ஓர் இழை அறுந்தால் அது தாங்கிய பளு பக்கத்து இழைகளின் மீது விழுவதைப் போல, ஓர் அறையின் சுவர் கிழிந்ததும் அதன் இழுவிசை அடுத்த சுவர்களுக்கு மாறுகிறது. ஏற்கெனவே நலிந்த அச்சுவர்களும் கிழிகின்றன. புகையை நிறுத்திய பின்னும் சிதைவு ஓரளவு தொடர்வதற்கு இவ்விசை மாற்றமும் ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

பிடிமானம் இழந்த குழல், மூச்சை வெளிவிடும்போது மடங்கி அடைபடுகிறது. முந்தைய மூச்சின் காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு உள்ளே வருவதால், நெஞ்சு காற்றால் ஊதிப் பெருக்கிறது. கூரைபோல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகித் தன் வலிமையை இழக்கிறது. மாடிப்படி ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் இந்நிலை கடுமையாகிறது. உழைப்பாளி ஒருவரின் வருவாய் முதலில் குறைவது இவ்விடத்திலேதான்.

இந்தியாவில் இந்நோயின் தோற்றுவாய் எது என்பதும் கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்நோயால் இழந்த நலவாழ்வு ஆண்டுகளில் 53.7 சதவீதம் காற்று மாசுபாட்டுக்கும், 25.4 சதவீதம் புகையிலைக்கும், 16.5 சதவீதம் தொழிலிடத் தூசி, புகை முதலியவற்றுக்கும் உரியவை. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் பல்லாண்டுகள் அமர்ந்த, பீடியைத் தொட்டறியாத பெண்களும் இந்நோய்க்கு ஆளாவது இதனாலேயே. 2016 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. இணைப்பு பெற்ற வீட்டில் உருளை தொடர்ந்து நிரப்பப்பட்டு, விறகடுப்பு முற்றிலும் நீங்கினால்தான் அதன் முழுப் பயன் நுரையீரலைச் சேரும்.

சிகிச்சையில் விசையின் கணக்கு

மேற்கூறிய உண்மைகளின் ஒளியில் சிகிச்சை முறைகளை நோக்கினால் அவற்றின் பொருள் விளங்கும்.

முதலாவதாக, ஆஸ்துமாவில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை இன்ஹேலர் வாயிலாக இடைவிடாது தருவது சிகிச்சையின் அடித்தளம். அழற்சி தணிந்த குழல் எளிதில் சுருங்குவதில்லை. விரிக்கும் மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது என்பதால், 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் அம்முறையைக் கைவிட்டன. லேசான ஆஸ்துமா உள்ளோர், தேவைப்படும்போது பியூடசோனைடும் பார்மட்டராலும் சேர்ந்த இன்ஹேலரைப் பயன்படுத்தினால், விரிக்கும் மருந்தை மட்டும் பயன்படுத்துவோரைக் காட்டிலும் கடும் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவு என 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டாவதாக, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நீண்ட நேரம் செயல்படும் விரிப்பு மருந்துகள், தேங்கிய காற்றை வெளியேற உதவி, நெஞ்சின் ஊதலைக் குறைக்கின்றன. உதடுகளைக் குவித்து, விளக்கை அணைக்காமல் அதன் சுடரை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல மூச்சை வெளிவிடும் பயிற்சியும் இதே தத்துவத்தைப் பின்பற்றுவது. குவிந்த உதடுகள் தரும் எதிரழுத்தம், நலிந்த குழல் மடங்காமல் காக்கிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. நடைப்பயிற்சி, கால் தசைப் பயிற்சி ஆகியவை அடங்கிய மறுவாழ்வுப் பயிற்சி, அதே நுரையீரலைக் கொண்டு மேலும் உழைக்க உதவுகிறது.

மூன்றாவதாக, முற்றிய நோயில் அளவு மீறி ஊதிய நுரையீரலின் ஒரு பகுதியை நீக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் 1,218 நோயாளிகளிடம் நடைபெற்று 2003இல் வெளியான ஆய்வின்படி, மேற்பகுதியில் சிதைவு மிகுந்து, உழைக்கும் திறன் மிகக் குறைந்தவர்களுக்கு இது வாழ்நாளை நீட்டித்தது. ஏனைய சிலருக்குத் தீங்கும் விளைந்தது. நுரையீரலைக் குறைப்பதால் மூச்சு எளிதாகும் என்னும் முரண், இந்நோயில் விசைச் சமநிலையே முதன்மையானது என்பதை மெய்ப்பிக்கிறது.

புகையை நிறுத்துவதே இவை அனைத்திற்கும் முற்பட்டது. இழந்த திறனை அது முழுதும் மீட்டுத் தராவிடினும், மேலும் இழக்கும் வேகத்தைக் குறைக்கிறது.

நிர்வாகத்தின் பொறுப்பு

இன்ஹேலர் பழகிவிடும், அது கடைசிக் கட்டத்து மருந்து என்னும் அச்சம் மக்களிடையே பரவலாக உள்ளது. உண்மை இதற்கு மாறானது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடல் முழுதும் பரவி நடுக்கமும் படபடப்பும் தரும். இன்ஹேலர் உரிய இடத்தில் வேலை செய்யும். இவ்வுண்மையை மருந்தாளுநரும் கிராம சுகாதாரப் பணியாளரும் எடுத்துரைக்க வேண்டும். மெல்ல ஆழ்ந்து இழுப்பது, பத்து நொடி மூச்சை அடக்குவது, ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிப்பது ஆகியவற்றைச் செய்து காட்டுவதும் அவர்கள் கடமையே. இன்ஹேலருடன் பொருத்தும் கூண்டுக் குழல் கிடைக்காத இடத்தில், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதற்கேற்பத் தயாரித்துப் பயன்படுத்தினாலும் குழந்தைகளுக்கு அதே பயன் கிட்டும் எனத் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது.

சால்பியூட்டமால், பியூடசோனைடு, டையோட்ரோபியம் முதலிய உள்ளிழுக்கும் மருந்துகள் 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் அடைப்பு நோயையும் ஆஸ்துமாவையும் தம் எல்லைக்குள் கொண்டுள்ளன. கொள்கை அளவில் பாதை திறந்துள்ளது. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் மாதந்தோறும் தடையின்றி இருப்பதே எஞ்சிய பணி.

இங்கு பொருளாதார நோக்கில் ஓர் எச்சரிக்கை தேவை. வாய்க்காலின் கரையைப் பராமரிக்கும் சிறு செலவு ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரிவது. கரை உடைந்தால் நேரும் பெருஞ்செலவு உடையும் நாள் வரை கணக்கில் ஏறாதது. எனவே பராமரிப்புச் செலவே முதலில் வெட்டப்படுகிறது. அன்றாட இன்ஹேலரின் நிலையும் இதுவே. தாக்குதல் நாளின் உண்மைச் செலவில் படுக்கையும் பிராணவாயுவும் மட்டுமன்றி, நோயாளி இழந்த கூலி, உடன் வந்தவர் இழந்த கூலி, பயணச் செலவு, கடனுக்கு வட்டி ஆகிய யாவும் அடங்கும். இவற்றோடு, குழலின் சுவரில் எஞ்சும் தடிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அது எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை. ஆயினும் அடுத்த தாக்குதலின் செலவை உயர்த்துவது அதுவே.

ஆகவே, எத்தனை தாக்குதல்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதைச் சாதனையின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. அவ்வெண்ணிக்கை உயர்வது திட்டத்தின் தோல்வியையும் குறிக்கலாம். பதிவு செய்த நோயாளிகளுள் எத்தனை பேர் தாக்குதல் இல்லாத மாதங்களிலும் இன்ஹேலர் பெற்றனர், எத்தனை நாட்கள் இருப்பு தீர்ந்து போயிற்று, எத்தனை பேருக்கு மூச்சளவுமானியால் சோதனை செய்யப்பட்டது ஆகிய வினாக்களே மாவட்ட அறிக்கையில் முதலிடம் பெறத்தக்கவை.

மூச்சுக்குழல் தன் மீது விழுந்த ஒவ்வொரு பளுவையும் நினைவில் வைத்திருக்கிறது என்பதே இன்றைய அறிவியல் தரும் செய்தி. இழுப்பு இல்லாத நாளில் தரப்படும் மருந்து வீண் செலவன்று. வரவிருக்கும் சுருக்கத்தையும் அது விட்டுச்செல்லும் தழும்பையும் தடுக்கும் முதலீடு. திட்டமிடுவோரும் நடைமுறைப்படுத்துவோரும் இதனை உணர்ந்து செயற்பட்டால், கோடிக்கணக்கான உழைக்கும் மக்களின் மூச்சும் அதனோடு பிணைந்த வருவாயும் காக்கப்படும்.